வாளியும் பூச்செண்டும்: எங்கள் வீட்டுப் பெருமைக்காரிகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் படித்தவர்களை மேடையில் ஏற்றினால் நீரிழிவையும் குருதி அமுக்கத்தையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கும் வருவோம். இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டது வேறொரு நோய். இதற்குக் குளிசை கிடையாது. எல்லாக் குடும்பத்திலும் ஒருவருக்காவது இருக்கும். வீட்டிலே இருப்பவர்களைச் சிரிக்கவும் வைக்கும், அழவும் வைக்கும். எங்கள் ஊரில் அதை எடுப்பு என்பார்கள், தடிப்பு என்பார்கள். இப்போதுள்ள பிள்ளைகள் லெவல் என்கிறார்கள். லெவல் காட்டும் ஒரு பெரியம்மா, ஒரு மாமி, ஒரு மச்சாள் இல்லாத வீடு இந்த மண்டபத்தில் உள்ளவர்களில் யாருக்காவது உண்டா? கையை உயர்த்துங்கள் பார்க்கலாம். ஒரு கையும் உயரவில்லை.

2025 ஒக்டோபரில் ஒரே மாதத்திற்குள் இரண்டு நடிகர்கள் மறைந்தார்கள். ஒருவர் இங்கிலாந்தின் பட்ரீசியா ரூட்லெட்ஜ், வயது 96. மற்றவர் இந்தியாவின் சதீஷ் ஷா, வயது 74. பட்ரீசியா பெருமைக்காரி ஒருத்தியாகவே நடித்துப் புகழ் பெற்றவர். சதீஷ் ஷா பெருமைக்காரி ஒருத்தியின் கணவனாக நடித்து மக்கள் மனதில் நின்றவர். மட்டக்களப்பு, கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ன் என்று சிதறிக் கிடக்கும் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அந்த மாதம் முழுவதும் இந்த இரண்டு தொடர்களின் காட்சிகள்தான் ஓடின. காட்சிகளோடு சண்டையும் ஓடியது. அந்தச் சண்டைதான் இந்த உரைக்கு விதை.

முதலில், பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' என்பது 2004 முதல் 2006 வரை ஸ்டார் வன் தொலைக்காட்சியில் வந்த ஹிந்தி நகைச்சுவைத் தொடர். மும்பையின் கஃப் பரேட் பகுதியில் வாழும் ஒரு பணக்காரக் குஜராத்திக் குடும்பம். தாய் மாயா சாராபாய். ரத்னா பாதக் ஷா நடித்தார். மூத்த மகன் சாஹில் அழகுச் சத்திர சிகிச்சை நிபுணர். அவன் காதலித்து மணந்த மோனிஷா டில்லிப் பக்கத்து நடுத்தர வர்க்கப் பிள்ளை. எதிர் வீட்டில்தான் குடியிருப்பு. மோனிஷா விலை கேட்டால், தள்ளுபடிக் கூப்பனைச் சேர்த்து வைத்தால், கிழிந்த துணியைத் தூசி தட்ட எடுத்தால், மாயா முகத்தைச் சுளித்து "மிடில் கிளாஸ்" என்பார். அந்த இரண்டு சொல்லும் இன்றைக்கு இந்தியா முழுவதும் பகிடியாகிவிட்டன. முதல் ஒளிபரப்பில் தொடருக்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. மறுஒளிபரப்பும் இணையமும்தான் அதை வாழவைத்தன. 2017இல் இரண்டாம் பகுதியும் எடுத்தார்கள். எங்களுக்கும் அது 2020 கொவிட் ஊரடங்கில், ஆங்கில எழுத்துகளைப் படித்துப் படித்துப் பார்த்த தொடர்தான்.

அந்தத் தொடரில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். மருமகளின் பெற்றோர் வைத்த பெயர் மனிஷா. அது சாதாரணமாக இருக்கிறதென்று மாயாதான் அதை மோனிஷா ஆக்கினார். தாய் தகப்பன் வைத்த பெயரில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

மற்றது பிபிசியின் 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்'. ரோய் கிளார்க் எழுதி 1990 முதல் 1995 வரை வந்தது. இதன் நாயகி ஹயசிந்த். கணவன் ரிச்சர்டின் குடும்பப் பெயர் பக்கெட். தமிழில் சொன்னால் வாளி. வாளி என்ற பெயரோடு ஒரு சீமாட்டி எப்படி வாழ்வது? எழுத்தை மாற்றாமல் உச்சரிப்பை மாற்றினார். 'பூக்கே' என்று சொல்ல வேண்டுமாம். வாளி பூச்செண்டாகிவிட்டது. தொலைபேசியை எடுத்தால் இது பூச்செண்டு இல்லம், இல்லத்தரசி பேசுகிறேன் என்பார். மறுமுனையில் இருப்பவர் சில வேளைகளில் தவறான இலக்கத்துக்கு அழைத்தவராக இருப்பார்.

இரண்டு எழுத்தாளர்கள், இரண்டு நாடுகள். இரண்டிலும் பெருமைக்காரி முதலில் கை வைத்தது பெயரில். நமக்கு இதில் வியப்பில்லை. பாக்கியவதி கொழும்புக்குப் போய்ப் பாக்கியா ஆனதையும், மெல்பேர்னுக்குப் போய் 'பெக்கி' ஆனதையும் பார்த்தவர்கள் நாம். எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கும் இந்தப் பகிடி புதிதில்லை. இலங்கை வானொலியில் சானாவின் குரலோடு நினைவுகூரப்படும் 'லண்டன் கந்தையா' என்ற பெயரிலேயே முழு நகைச்சுவையும் இருந்தது. கந்தையா என்ற பெயருக்கு முன்னால் லண்டனை வைத்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

இனி, வட்ஸ்அப் சண்டைக்கு வருவோம். எங்கள் குழு மூன்றாகப் பிரிந்தது.

முதல் கட்சி மாயாவின் இரசிகைகள். "அவ சொல்ற எதாவது பிழையா? வீடு துப்பரவா இருக்க வேணும், சொல் திருத்தமா இருக்க வேணும், உடுப்புக்கு ஒரு ஒழுங்கு வேணும். நம்மட சிஸ்டர்மாரும் டீச்சர்மாரும் இதைத்தானே சொன்னாங்க?" என்றாள் ஒருத்தி. அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மாயா படித்தவர், நாவன்மை உள்ளவர். ஆணுக்குப் பயந்து பேசாதவர். அடுக்களையில் அழுதுகொண்டே இருக்கும் தொலைக்காட்சி மாமியார்களுக்கும், சதி செய்துகொண்டே இருக்கும் மாமியார்களுக்கும் நடுவில், நகைச்சுவையாகப் பேசும் ஒரு பெண்ணைப் பார்ப்பதே பெரிய ஆறுதல்.

இரண்டாம் கட்சிக்குச் சிரிப்பே வரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் ஒருத்தி இரண்டே அத்தியாயம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள். "இதைப் பாக்க எனக்கு ஏன் டிவி? பதினெட்டு வருஷம் நேரிலே பாத்துட்டேன்" என்று எழுதினாள். அதற்குப் பிறகு அரை நாள் குழுவில் யாரும் ஒன்றும் போடவில்லை.

மூன்றாம் கட்சி சமாதானக் கட்சி. கடைசியில் ஒவ்வொரு முறையும் மாயாதானே தோற்கிறார், ஹயசிந்த்தானே நீரில் விழுகிறார், ஆகவே கணக்குச் சரி என்பது அவர்கள் வாதம்.

இந்த மூன்று கட்சியும் இந்த மண்டபத்திலும் இருக்கும். ஒரே ஆளுக்குள்ளேயே மூன்றும் இருக்கலாம். திங்கட்கிழமை மாயாவை இரசிப்போம், செவ்வாய்க்கிழமை ஒரு கலியாண வீட்டில் யாரோ நமது சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால், அன்றிரவு மாயாவைச் சகிக்க மாட்டோம்.

எந்தத் தொடர் நமது ஊருக்குப் பொருந்துகிறது என்று யோசித்தோம். மாயாவின் கதை மாமியார், மருமகள் கதை. மட்டக்களப்பிலோ பெண் புகுந்த வீட்டுக்குப் போவது வழமையில்லை. ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். தாய்வழிக் குடிமுறை நமது. தாய் தனது வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு அதே வளவில் இன்னொரு வீடு கட்டுகிறாள். அடுத்த மகளுக்கு அந்த வீடு. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இந்த வழமை உண்டு. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த முறையில் ஒரு பெண்ணுக்கு நல்ல பாதுகாப்பு உண்டு. அடி விழுந்தால் ஓடிப்போகத் தாய் வீடு தேவையில்லை, அவள் இருப்பதே தாய் வீடு. ஆனால் இதற்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. அக்காவும் தங்கையும் ஒரே வேலிக்குள் வாழ்கிறார்கள். அக்காவின் கணவர் கச்சேரியில் உத்தியோகம், தங்கையின் கணவர் தோணியோடு வாவியில் என்றால், வித்தியாசம் தினமும் கண்ணுக்கு முன்னால் காய்ந்துகொண்டிருக்கும் துணிக்கொடியிலேயே தெரியும். நமது ஊரின் மாயா மாமியார் இல்லை. அவர் பெரியம்மா. அம்மாவோடு ஒரே பாயில் படுத்துறங்கிய அக்கா.

அதனால்தான் ஹயசிந்த் நமக்கு மிக நெருக்கம். அவரும் நான்கு சகோதரிகளில் ஒருவர். டெய்சி ஏழை. அவளுடைய கணவன் ஒன்ஸ்லோ வேலைக்குப் போகாமல் கட்டிலில் கிடந்து தொலைக்காட்சி பார்ப்பவன். ரோஸ் ஆண்களின் பின்னால் அலைபவள். வயலட் மாத்திரம் பணக்காரி. மெர்சிடிஸ் கார், சவுனா, குதிரைக்குட்டி நிற்க இடம் என்று அவளைப் பற்றி ஹயசிந்த் சொல்லாத நாளில்லை. பார்ப்பவர்களுக்கோ வயலட் வீட்டில் நிம்மதியே இல்லை என்பது தெரியும். உடைந்த படலையும், முற்றத்தில் பழைய காரும், அதற்குள்ளிருந்து குரைக்கும் நாயுமாக இருக்கும் டெய்சி வீட்டில்தான் அன்பு இருக்கிறது. ஹயசிந்த் வெட்கப்படும் வீட்டில் சந்தோசம். பெருமைப்படும் வீட்டில் கண்ணீர். ரோய் கிளார்க் இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் ஐந்து பருவம் காட்டினார்.

எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு பெரியம்மாவையும் தெரியும். அவரை வெள்ளவத்தைப் பெரியம்மா என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உயர்தரம் படித்தவர்கள். ரியூசனுக்கும், பரீட்சைக்கும், பின்னர் பல்கலைக்கழகத்துக்கும், சிலர் வெளிநாடு போகவும், கொழும்பில் ஒரு வீடு தேவைப்பட்டது. அந்த வீடு அநேகமாக ஒரு பெரியம்மாவின் வீடு. அம்மா உறியிலிருந்து இறக்கி, வாழையிலை கட்டி, மடியில் வைத்துக் கொண்டுவந்த எருமைத் தயிர்ச்சட்டியைப் பெரியம்மா வாசலிலேயே நிறுத்தி "குசினிப் பக்கத்தால கொண்டு போ" என்பார். பன்பாயைக் கண்டால் "இதையெல்லாம் இஞ்ச எங்க விரிக்கிற?" என்பார். பக்கத்து பிளற்றில் இருப்பவர்கள் வந்தால் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் 'மறுகா' வந்துவிடும். "மறுகா என்ன மறுகா? பிறகு எண்டு சொல்லு" என்று எத்தனை பிள்ளைகள் திருத்தப்பட்டோம்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966இல் மட்டக்களப்புத் தமிழைப் பற்றி எழுதியபோது, பேச்சுத் தமிழ் வழக்குகளுக்குள் இலக்கியத் தமிழோடு மிக நெருங்கி நிற்பது இதுதான் என்றார், பழைய கூறுகள் பல இதில் காக்கப்பட்டிருப்பதாகவும் காட்டினார். பிராக் நகரத்துப் பேராசிரியர் மெச்சிய தமிழை வெள்ளவத்தை நான்காம் மாடியில் மறைத்து வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் அதே பெரியம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு அடையாள அட்டையோடு ஒரு பிள்ளைக்குக் கொழும்பில் அறை கிடைக்காத காலம் அது. எங்களைப் பொலிசில் பதிவதற்கு வரிசையில் நின்றவர் அவர்தான். இரவில் கதவு தட்டப்பட்டபோது எங்களை உள்ளறையில் இருத்திவிட்டு, நல்ல சேலையைச் சுற்றிக்கொண்டு, திருத்தமான ஆங்கிலத்தில் பதில் சொல்லிக் கதவை மூடியவரும் அவர்தான். எந்த ஆங்கிலத்தைக் காட்டி எங்கள் அம்மாவைச் சிறுமைப்படுத்தினாரோ, அதே ஆங்கிலம்தான் அன்று எங்களைக் காத்தது.

இதுதான் தொலைக்காட்சிக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு. மாயாவின் ஏளனத்தைக் கேட்டு நாம் சிரிக்கலாம், ஏனென்றால் மாயாவுக்கு நாம் ஒன்றும் கடன்படவில்லை. வீட்டுப் பெரியம்மாவின் ஏளனம் அவருடைய சோற்றோடு ஒரே கோப்பையில் வருகிறது. சோற்றைத் தின்று ஏளனத்தை ஒதுக்கிவைக்க முடியாது. ஏளனத்துக்காகச் சோற்றை மறக்கவும் முடியாது. நாற்பது வயது தாண்டியும் எங்கள் குழுவில் உள்ளவர்களுக்கு அந்த வீட்டைப் பற்றி ஒரே வாக்கியத்தில் பேச வருவதில்லை. "ஆனா" என்ற சொல் நடுவில் வந்துவிடும். "அவ அம்மாவைப் படுத்தின பாடு இருக்கே... ஆனா அவ இல்லையெண்டா நான் டொக்டர் இல்ல." இரசிகர்களின் கலவையான உணர்வு என்று சொல்வது இந்த 'ஆனா'வைத்தான்.

இந்தப் பெருமைக்காரிகளை நாம் ஏன் முழுமையாக வெறுப்பதில்லை என்பதற்கும் எங்களுக்கு ஒரு விடை கிடைத்தது. அவர்கள் வருகிறார்கள். ஹயசிந்துக்கு டெய்சியின் வீடு என்றால் அவமானம். ஆனால் கிழட்டுத் தகப்பன் காணாமற்போய்விட்டார் என்று டெய்சி அழைத்தால், நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு, ரிச்சர்டைக் காரெடுக்க வைத்து, அந்த உடைந்த படலை வழியாக வந்துவிடுவார். மாயாவுக்கு மோனிஷாவின் வீடு அலங்கோலம். ஆனாலும் கதவைத் திறந்துகொண்டு நாள்தோறும் அங்கேதான் நிற்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டாவது வாசலைத் தாண்டுகிறவர்களைப் பற்றித்தான் நகைச்சுவைத் தொடர் எடுக்கலாம். செத்த வீட்டுக்கும் வராத உறவைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் தொடர் எடுப்பதில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அந்தப் பெருமையின் அடியில் இருப்பது பயம் என்பதும் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹயசிந்த் பிறந்ததும் டெய்சி பிறந்த குடும்பத்தில்தானே? பின்னால் விட்டு வந்த வீடு துரத்திக்கொண்டு வருகிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பவர் அவர். வாளி, வாளிதான் என்று எவரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. இந்தப் பயத்துக்கு எதிரே எழுத்தாளர்கள் இரண்டு பேரை வைத்தார்கள். ஒருவன் ஒன்ஸ்லோ, மற்றவள் மோனிஷா. இருவருக்கும் வெட்கமே இல்லை. மாயா ஆயிரம் தடவை சொல்லியும் மோனிஷா கூப்பன் சேர்ப்பதை விடவில்லை. அவள் அழுது மெலிந்து திருந்தியிருந்தால் அது நகைச்சுவைத் தொடராக இருந்திருக்காது.

இப்போது எங்கள் தொழிலுக்கு வருவோம்.

ஹயசிந்தின் பக்கத்து வீட்டுக்காரி எலிசபெத். நல்ல மனுசி. ஆனால் ஹயசிந்த் வீட்டுக்குக் கோப்பி குடிக்கப் போனால் கை நடுங்கும். விலையுயர்ந்த கோப்பை உடைந்துவிடுமோ என்ற பயத்திலேயே கோப்பி சிந்தும். தன் வீட்டில் அவளுக்கு எந்த நடுக்கமும் கிடையாது. இந்தக் காட்சியைப் பார்த்து வகுப்பு முழுவதும் சிரித்தபோது, மருத்துவர்களாகிய எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. வீட்டில் சரியாக இருக்கும் குருதி அமுக்கம் வைத்தியரைக் கண்டதும் ஏறுவதுண்டு. வெள்ளை அங்கி உயர் குருதி அமுக்கம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. நோயாளியின் கையில் எலிசபெத்தின் கோப்பை. மேசைக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

படுவான்கரையிலிருந்து ஒரு பெண் கிளினிக்குக்கு வருவதென்றால் என்னவென்று எழுவான்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தான் தெரியும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த வழியால் வர வாவியைப் பாதையில் கடக்க வேண்டும். மண்டூர்ப் பக்கத்தில் குருமண்வெளித் துறையின் பாதை பலருக்கு இன்றும் பழக்கமான பெயர். இவ்வளவும் கடந்து வருபவள், "ஏன் இவ்வளவு நாளா வரல்ல?" என்ற முதல் கேள்வியில் கூனிப்போகிறாள். அவளுடைய பேச்சைக் கேட்டு யாரோ ஒருவர் வாயைப் பொத்திச் சிரித்தால், அடுத்த தவணைக்கு வர மாட்டாள். மார்பில் கட்டி ஒரு நெல்லிக்காய் அளவாக இருக்கும்போது வந்திருக்க வேண்டியவள், அது தோலை உடைத்த பிறகு வருகிறாள். பாலம் போட்டாயிற்று. அந்தச் சிரிப்பைக் கடக்கத்தான் இன்னும் பாலமில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, குருதி அமுக்கம், நீரிழிவு எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். ஆனால் நம்மைப் போன்ற படித்த பெண்கள் எத்தனை பேர் போகிறோம்? "அது இல்லாதவங்களுக்கு நடத்துறதுதானே, அந்த வாங்கில போய் இருக்கவா?" என்பது பதில். ஏழைப் பெண் வெட்கத்தால் வருவதில்லை. வசதியான பெண் பெருமையால் வருவதில்லை. அந்த வாங்கு வெறுமையாகக் கிடக்கிறது. புற்றுநோய்க்கு எடுப்பும் தெரியாது, தாழ்வும் தெரியாது.

இன்னொன்று. "குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு, புற்றுநோய், மனநோய் இருக்கிறதா?" என்று நாங்கள் கேட்கும் கேள்வி வம்பளப்பதற்கில்லை. தாய்க்கோ தகப்பனுக்கோ சகோதரிக்கோ இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது, பரிசோதனையை முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கலாம். ஹயசிந்திடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வார்? "எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் இல்லை." டெய்சி வீட்டில் இருக்கும் தகப்பனைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அதே பதிலைத்தான் நாங்களும் கிளினிக்கில் தினமும் கேட்கிறோம். சித்தியின் மார்பகப் புற்றுநோய் மறைக்கப்படுகிறது, மாமாவின் மனநோய் மறைக்கப்படுகிறது, பிள்ளையின் வலிப்பு கலியாணம் முடியும் வரை மறைக்கப்படுகிறது. ஒரே வளவில் மூன்று தலைமுறைப் பெண்கள் வாழும் ஊர் இது. இந்தத் தகவல் நமக்கு வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. உங்கள் மகள்மாருக்குச் சொல்லுங்கள். சீதன வீட்டின் உறுதியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய சொத்து அது.

கடைசியாக, நமது கல்லூரியைப் பற்றி.

ஒரு நூற்றாண்டு காலமாக இந்தச் சங்கத்தைக் கட்டியெழுப்பிய பெருமை நமக்கு உண்டு. "நாங்க இந்த ஸ்கூல்" என்று சொல்லும்போது எந்த நாட்டில் இருந்தாலும் நமது முதுகு நிமிர்கிறது. அந்த நிமிர்வு வேண்டும். இந்தக் கல்லூரி நமக்குத் திருத்தமான சொல்லைத் தந்தது, நேரத்துக்கு வரப் பழக்கியது, கைக்குட்டையை மடிக்கவும் மேடையில் நடுங்காமல் நிற்கவும் கற்றுத்தந்தது. இவ்விடயத்தில் நாங்கள் மாயாவின் கட்சி. தரம் என்பது வேண்டும். ஆனால் முதுகு நிமிர்வதற்கும் கழுத்து மேலே திரும்பிக்கொள்வதற்கும் இடையில் சில அங்குலம்தான் இருக்கிறது. "எந்தப் பள்ளிக்கூடம்?" என்ற நமது கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளையின் குரல் தாழுமானால், அந்த அங்குலத்தை நாம் தாண்டிவிட்டோம் என்று அறியலாம்.

நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கம் பல உதவித் திட்டங்களைத் தொடங்குகிறது. வெளிநாட்டுக் கிளைகளும் தாராளமாகத் தருகின்றன. இந்த நேரத்தில் எங்கள் வகுப்பின் சார்பில் ஒரேயொரு வேண்டுகோள். உதவி பெறும் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, கையில் பையைக் கொடுத்து, படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கம் இந்த ஊரெங்கும் பரவிவிட்டது. அந்தப் படத்தைப் பத்து வருடம் கழித்தும் அந்தப் பிள்ளை தேடி எடுக்கக்கூடும். அவள் அப்போது ஆசிரியையாக இருக்கலாம், பொறியியலாளராக இருக்கலாம், உங்கள் மருமகளாகவும் இருக்கலாம். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்துக்கு அப்போதும் அவள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கட்டணத்தைப் பாடசாலைக் கணக்குக்கோ விடுதிக் கணக்குக்கோ நேரே செலுத்துவோம். கணக்குப் பரிசோதகருக்குப் பெயர் தெரிந்தால் போதும். பெற்றோருக்கு ஒரு கடிதம் போதும். மேடை வேண்டாம்.

வெள்ளவத்தைப் பெரியம்மா கொடுத்த சோற்றை நாங்கள் மறக்கவில்லை. அதே கோப்பையில் அவர் வைத்த மற்றதையும் மறக்க முடியவில்லை. இப்போது கோப்பை நமது கையில் இருக்கிறது. சோற்றை மட்டும் பரிமாறும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தப் பெரியம்மாக்களில் பலர் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். சிலர் எங்களிடமே மருந்துக்கு வருகிறார்கள். வந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்து, "திரைச்சீலை கொஞ்சம் நல்லதாப் போட்டிருக்கலாம்" என்கிறார்கள். குருதி அமுக்கம் பார்க்கிறோம். மருந்து எழுதுகிறோம். வாசல் வரை கையைப் பிடித்துக்கொண்டு போய் விடுகிறோம். போகும்போது சொல்கிறோம், "மாத்திரையை மறக்காம குடியுங்க பெரியம்மா. மறுகா ஒரு மாசத்தால வாங்க."

யாரும் திருத்துவதில்லை.